மெத்தைக்காரம்மா சொல்லாத தீர்ப்பு

வணிக வளாகச் சங்கத்தின் விதிமுறைப்படி நடுவர் என்பவர், "இரு தரப்பினரோடும் உறவோ நட்போ பகையோ அற்றவராகவும், நிதானமும் மிதமான பேச்சும் உடையவராகவும், தாவாவில் எவ்விதச் சொந்த நலனும் இல்லாதவராகவும்" இருக்க வேண்டும். இந்தத் தகுதிகள் அத்தனையும் பொருந்திய ஒரே ஜீவன் அந்த வளாகத்தில் மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்த பூனைதான். அதற்கும் மீன்கடைக்காரரோடு நட்பு உண்டென்று பிறகு தெரியவந்தது.

ஆகவே வளாகத்துக்காரர்கள் தங்கள் சண்டைகளை, கீழே பஞ்சு இயந்திரம் ஓட்டி மெத்தை தைத்து மாடியில் குடியிருந்த மெத்தைக்காரம்மாவிடம் கொண்டுபோனார்கள்.

வளாகத்தில் பாதிப்பேர் அவருக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டு பட்டியலிலும் இடம்பெற்ற பாக்கியசாலிகளும் உண்டு. நிதானம் என்பதை அவர் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதோடு சரி. மிதமான பேச்சுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். விசாரணைக்கு உட்காரும்போது மெத்தை தைக்கும் நீள ஊசியை உதடுகளுக்கு நடுவில் கடித்துக்கொள்வார். ஊசி வாயில் இருக்கும்வரை எதிரிலிருப்பவர் பேசலாம். அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டால் இனி அவர் முறை என்று பொருள். அனுபவசாலிகள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, ஊசியைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

இப்படிப்பட்டவரிடம் ஏன் போகிறீர்கள் என்று ஒரு படித்தவர் கேட்டபோது தேநீர்க் கடைக்காரர் சொன்ன பதில் சட்டப் புத்தகங்களில் சேர்க்கத்தக்கது. "அவங்களுக்கு யார் மேல பிரியம், யார் மேல கடுப்புன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார். அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்குவோம். எல்லாரும் எனக்குச் சமம்னு சொல்ற ஆளுகிட்ட எதைக் கழிக்கிறது?"

அவர் தீர்த்துவைத்த சண்டைகளில் ஒன்றைச் சொன்னால் போதும். ஒருவர் தன் கடைப் பலகையைப் பெரிதாக்கி அடுத்த கடையை மறைத்துவிட்டார். மெத்தைக்காரம்மா இருவருக்கும் எதிர்ச் சாரியில் நாற்காலி போட்டு, கடை மூடும்வரை உட்கார்ந்து தங்கள் கடைகளைத் தாங்களே பார்க்கச் சொன்னார். பிற்பகலில் பெரிய பலகைக்காரர் எழுந்துபோய் ஏணி கொண்டுவந்தார். அடுத்தவர் படும் பாட்டைக் கண்டு மனம் இளகித்தான் அவர் ஏணி தேடினார் என்று சிலர் சொன்னார்கள். வெயில் தாங்கவில்லை என்று அவரே சொன்னார்.

மாவு மில் தாவா அப்படிப்பட்டதாக இருக்கவில்லை.

தரைத்தளத்தின் கோடியில் மாவு மில். அதன் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை. எதிர்ச் சுவருக்கு அந்தப்பக்கம் மில்காரரின் வீடு. பல ஆண்டுகளாக அரைக்கும் இயந்திரம் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தது. அப்போதெல்லாம் செல்போன் கடைக்குச் சத்தம் மட்டும் வரும், அதிர்வு வராது. திடீரென்று ஒருநாள் மில்காரர் ஆட்களைக் கூட்டி, கடப்பாறை போட்டு, இயந்திரத்தைப் பெயர்த்து இந்தப் பக்கச் சுவருக்கு மாற்றினார். அன்றிலிருந்து செல்போன் கடையில் மேசை, நாற்காலி, உட்கார்ந்திருப்பவரின் பல் எல்லாம் ஒரே சுருதியில் நடுங்கின.

செல்போன்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்துவிட்டது என்று மற்றக் கடைகளில் கைவிரித்த போன்கள் அவரிடம் வரும். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, கடுகை விடச் சிறிய உறுப்புகளை ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோல் முனையால் எடுத்துப் பொருத்துவார். அதற்குத் தேவை இரண்டே. அசையாத கை, அசையாத மேசை. கை அவருடையது. மேசை இப்போது மில்காரருடையதாகிவிட்டது.

சமாதான முயற்சிகள் நடக்காமல் இல்லை. நேரம் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் தானியம் கொண்டுவருபவர்கள் தங்களுக்கு ஒழிந்தபோது வந்தார்கள். இயந்திரத்தை நடுவில் வைத்தால் மூட்டை போக வழியில்லை. மெத்தைக்காரம்மாவே தன் செலவில் தடித்த நார் மெத்தை ஒன்று தைத்து இயந்திரத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தார். ஓடவிட்டதும் இயந்திரம் கயிறு அவிழ்ந்த கன்றுக்குட்டி போல வாசலை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. மில்காரர் அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அந்தக் காட்சியை டாக்டரைத் தவிர எல்லோரும் ரசித்தார்கள்.

பிறகு ஒருநாள் ஒரு பெண் தன் போனைக் கொண்டுவந்தாள். "போன் போனாப் போகுது, உள்ள இருக்கறது மட்டும் வேணும், எங்க அப்பா குரல் அதுல இருக்கு" என்றாள். டாக்டர் வேலை செய்துகொண்டிருந்தபோது மில் ஓடத் தொடங்கியது. சூட்டுக்கோல் ஒரு நூலிழை தள்ளி இறங்கியது. அவ்வளவுதான். அதன்பின் அவர் அந்த நுண்ணிய வேலையைத் தொடவில்லை. போனுக்கு உறை மாட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நிலை நீடித்தால் கடையைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சங்கச் செயலாளருக்குக் கூடுதல் தெளிவாகவே தெரிந்தது. அவருடைய மச்சான் ஒருவர் வெகுநாளாக அந்த வளாகத்தில் கடை தேடிக்கொண்டிருந்தார்.

தாவா நடுவரிடம் போக வேண்டும் என்றானது. யார் நடுவர்?

"மெத்தைக்கார அக்காதான்" என்றார் டாக்டர்.

"டேய், அவங்க மில்காரரோட சம்பந்திடா! பொண்ணைக் கொடுத்திருக்காங்க" என்றார்கள் நண்பர்கள்.

"அதனாலதான். வேற யார் சொன்னாலும் அவர் ஆயுசுக்கும் முனகுவார். பொண்ணோட அம்மா சொல்லிட்டா வாயைத் திறக்க முடியுமா?"

மில்காரரும் உடனே ஒப்புக்கொண்டார். "நம்ம சம்பந்தியம்மா இருக்கறப்போ வெளியாள் எதுக்கு?" ஆக, இரு தரப்பும் ஒரே ஆளை ஒரே காரணத்துக்காக, எதிரெதிர் நம்பிக்கையோடு தேர்ந்தெடுத்தார்கள். விதிமுறை உறவைத் தடுக்கிறதே என்றால், இரு தரப்பும் அறிந்தே ஒப்புக்கொண்டால் உறவு ஒரு தடையில்லை என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. சொந்த நலனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

மெத்தைக்காரம்மா முதலில் முடியவே முடியாது என்றார். அவருடைய ஒரே மகள் அந்த வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தாள். மருமகன் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வழியில். மகளுக்கு அங்கே வேளைக்குச் சோறு போடுபவரும் தாங்குவதற்கு ஆளும் மில்காரர்தான். அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற கதை. ஆனால் நடுவர் விலகினால், அல்லது விலக்கப்பட்டால், தாவா செயலாளருக்குப் போகும் என்பது விதி. செயலாளருக்கு மச்சான் இருக்கிறார் என்பது நிலவரம். ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விசாரணை மில்லுக்குள்ளேயே நடந்தது. இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதன் சத்தத்துக்குப் பழகிய காதுகளுக்கு அந்த அமைதி ஏதோ விபத்து போல இருந்தது. செயலாளர் கறுப்புக் காற்சட்டையோடு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, எழுந்தபோது பின்பக்கம் மட்டும் நரைத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஊசி வாயில் ஏறியது. டாக்டர் பேசினார். சத்தம் போடாத மனிதர். அன்று இன்னும் தணிந்து பேசினார்.

"கை நடுங்கலக்கா. மேசை நடுங்குச்சு. அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்ல. போனை வாங்கிப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டா. எனக்கு வேற வேலை தெரியாது. வேற இடத்துல என்னை நம்பி யாரும் போன் கொடுக்கமாட்டாங்க. மெஷின் பழைய இடத்துல இருந்தப்போ நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அங்கயே வைக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஊசி தலைப்புக்குப் போனது.

"சம்பந்தி, மெஷினை ஏன் மாத்தினீங்க?"

மில்காரர் தரையைப் பார்த்தார். "மாத்தணும்னு தோணுச்சு."

"தோணுச்சா? ஆளுங்களை வச்சு, கடப்பாறை போட்டு, தரையைப் பேத்துத் தூக்கற அளவுக்கு ஒரு தோணலா?"

மில்காரர் ஒரு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"அங்க ஏதாவது கோளாறா? ஈரமா? கரண்டுப் பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன?"

"அதைக் கேக்காதீங்க சம்பந்தியம்மா. தீர்ப்பைச் சொல்லுங்க. கட்டுப்படறேன்."

செயலாளர் இதை ஆவலோடு எழுதிக்கொண்டார். டாக்டரின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது. காரணம் சொல்லாதவன் காரணம் இல்லாதவன் என்பது உலக வழக்கு. மெத்தைக்காரம்மாவின் கோபம் எல்லை தாண்டியதும் அப்போதுதான். எல்லை எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும்.

"கல்லுளிமங்கன் மாதிரி நிக்கிறீங்களே, நல்லா இருக்கா? ஒரு மனுஷன் பொழைப்பு போகுது. ஏன்னு கேட்டா பதில் சொல்றதுக்கு நாக்கை அடகு வச்சிருக்கீங்களா? வீம்புக்கு மாத்தினேன்னாவது சொல்லுங்க. இத்தனை பேர் முன்னாடி எனக்கும் சேர்த்துல்ல தலைகுனிவு!"

மில்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். மறுபடியும் தட்டிக்கொண்டார். கையில் மாவே இல்லை.

மெத்தைக்காரம்மா விருட்டென்று எழுந்து பழைய இடத்துக்குப் போனார். இயந்திரத்தின் கால்கள் இருந்த இடங்களில் சிமெண்டு புதிதாகப் பூசியிருந்தது. ஈரமில்லை, வெடிப்பில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார். அந்தப்பக்கம் யாரோ மெதுவாக "ச்சூ, ச்சூ" என்று குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தன் மகளின் குரல்.

அந்த அறை அவருக்கு நன்றாகத் தெரியும். மகள் பிரசவம் முடிந்து வந்தபோது இலவம் பஞ்சில் சின்ன மெத்தை தைத்து, தானே கொண்டுபோய், இதே சுவரோரம் விரித்தவர் அவர்தான். விரித்துவிட்டு நிமிர்ந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அப்போது வாசலில் நின்ற மில்காரரிடம், வந்த வேகத்தில், "பிள்ளை கண்ணை மூடமாட்டேங்குது சம்பந்தி, இந்த மெஷினை அந்தப் பக்கம் தள்ளி வைக்கக் கூடாதா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு நாளில் அவர் போடும் வார்த்தைகளின் கணக்கில் அது தூசு. சொன்னதையே மறந்துபோனார்.

கேட்டவர் மறக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவள் வாய்விட்டுக் கேட்டதை மறுக்கவும் முடியாது. மாற்றியது அவள் சொல்லித்தான் என்று நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் முடியாது. சம்பந்தி உறவில் இந்த இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கும். மில்காரர் இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாள் நின்றிருந்தார். சற்றுமுன் கல்லுளிமங்கன் பட்டமும் வாங்கியிருந்தார்.

சுவரிலிருந்து கையை எடுக்காமல் மெத்தைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். மில்காரர் மிக லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

கணக்கு கஷ்டமானதில்லை. இயந்திரத்தைப் பழைய இடத்தில் வை என்று அந்த நிமிடமே சொல்லிவிடலாம். மில்காரர் கட்டுப்படுவார். டாக்டர் பிழைப்பார். யாருக்கும் எதுவும் தெரியாது. வீம்புக்காரர் என்ற பெயர் மட்டும் மில்காரருக்கு நிலைத்துவிடும். அப்படியில்லாமல் உண்மையைச் சொன்னால் நடுவருக்குத் தாவாவில் சொந்த நலன் உண்டென்று ஆகிவிடும். அந்த நொடியே அவர் நடுவர் இல்லை. விசாரணை செயலாளரிடம் போகும், கடை மச்சானிடம் போகும். உண்மையை மறைத்தால் நியாயம் ஜெயிக்கும், சொன்னால் தோற்கும். விதிமுறையை எழுதியவர்கள் இந்த இடத்துக்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

"அம்மா, எழுதிக்கலாமா?" என்றார் செயலாளர், பேனாவை உதறிக்கொண்டு.

மெத்தைக்காரம்மா ஊசியை மறுபடி வாயில் கடித்தார். பேச வேண்டியது அவர் முறையாக இருந்தும் கடித்தார். இப்படி யாரும் பார்த்ததில்லை. டாக்டரின் முகத்தில் ஓடிய ரத்தம் இறங்கத் தொடங்கியது.

ஊசி வெளியே வந்தது.

"எழுதறதை நிறுத்துங்க. மெஷினை மாத்தச் சொன்னது நான்."

"என்னம்மா சொல்றீங்க?"

"தமிழ்லதான் சொல்றேன். நான் கேட்டேன், அவர் மாத்தினார். நான் மறந்துட்டேன், அவர் காட்டிக்கொடுக்கல."

டாக்டர் சுவரில் சாய்ந்தார். "அக்கா, என்னக்கா பண்றீங்க" என்றார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

செயலாளர் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்த வேகத்தில் மாவு பறந்தது. "அப்போ விதிப்படி நீங்க நடுவரா இருக்க முடியாது. தாவா இப்போ என்கிட்ட வருது. நான் என்ன நினைக்கிறேன்னா..."

"நீங்க நினைக்கிறது எங்க எல்லாருக்கும் தெரியும், மச்சான் சௌக்கியமா? கொஞ்சம் பொறுங்க" என்றவர் மில்காரரிடம் திரும்பினார். "சம்பந்தி, நான் இப்போ நடுவர் இல்ல. அன்னைக்குக் கேட்டவளா நின்னு சொல்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். மெஷினைப் பழைய இடத்துல வைங்க."

மில்காரர் உடனே தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் ஆட்டவில்லை. 

"கல்லுளிமங்கன்னு சொன்னீங்க" என்றார்.

"சொன்னேன்."

"எத்தனை பேர் முன்னாடி."

அந்த நேரத்தில் பக்கக் கதவு திறந்தது. மகள், தோளில் குழந்தையோடு. "எல்லாரும் கத்தாதீங்க. இப்பத்தான் தூங்கினான்" என்று கிசுகிசுத்தாள். அதன்பின் நடந்த சண்டை முழுவதும் ரகசியக் குரலில் நடந்தது.

"சுவர் வழியா எல்லாம் கேட்டுச்சு. நான் மாத்தச் சொன்னேனாம்மா?"

"இல்ல."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

"மாமா, நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?"

"உங்கம்மா வாய்விட்டுக் கேட்டாங்களேம்மா" என்றார் மில்காரர்.

"நல்லா இருக்கு. என் பிள்ளை தூங்கறதுக்காக ஊரே முழிச்சுக்கிட்டிருக்கு." டாக்டரை ஒரு தடவை பார்த்தாள். அவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தன் பிழைப்பைக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மில்காரர் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டார். "மெஷின் திரும்பிப் போனா மருமக எங்க படுப்பா? இந்த வீட்டுல வேற அறை இல்ல. அதைச் சொல்லுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்."

"என் மாடியில."

"உன் மாடியிலயா?" என்றாள் மகள். "கீழ நாள் முழுக்கப் பஞ்சு பறக்குது. உனக்கே இருமல். இவன் மூச்சு என்னத்துக்கு ஆகும்? அதோட, நான் அங்க வந்தா ரெண்டு வீட்டுக்கும் சண்டைன்னுதான் பேசுவாங்க."

"பேசட்டும். நானும் அவங்களைப் பேசாத பேச்சா?" மெத்தைக்காரம்மா ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டார். "பஞ்சு மெஷினை நிறுத்திடறேன்."

"நிறுத்திட்டு? மெத்தைக்கு எங்க போவ?"

"ஊசி இருக்கு. பழசைத் தைப்பேன், உறை தைப்பேன். கிடைச்சதைத் தைப்பேன்."

 அந்த வளாகத்தில் மெத்தைக்காரம்மாவின் பஞ்சு இயந்திரம் நின்று யாரும் பார்த்ததில்லை. அவர் மில்காரரின் எதிரில் வந்து நின்றார்.

"இத்தனை பேர் முன்னாடி சொன்னேன். இத்தனை பேர் முன்னாடியே கேக்கறேன். தப்பு என்னோடது சம்பந்தி. மன்னிச்சுக்கங்க."

மில்காரர் பெயர்த்துப் பூசிய தரையையும் மருமகளின் தோளில் கிடந்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கடப்பாறைக்காரன் என்னைப் பார்த்தா சிரிப்பான்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். "நாளைக்கு மாத்திடறேன் டாக்டர்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, குழந்தையைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

"அப்போ தீர்ப்பு?" என்றார் செயலாளர், பேனா காற்றில் நிற்க.

"எந்தத் தாவாவுக்கு?" என்றாள் மகள்.

செயலாளர் அதற்கான விதியைத் தேடினார். வெகுநேரம் தேடினார் என்று கேள்வி.

இயந்திரம் பழைய சுவருக்குத் திரும்பியது. இரு வீட்டுக்கும் சண்டை என்ற செய்தி, மகள் சொன்னபடியே, வளாகத்தில் அவளுக்கு முன்னால் மாடியேறியது. மில்காரர் தினமும் சாயங்காலம் பேரனைப் பார்க்க வந்தார். மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மெத்தைக்காரம்மாவும் கேட்கவில்லை. டாக்டர் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துப் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அப்பா குரல் கிடைக்கவில்லை. வேறு போன்கள் வந்தன.

மாவு மில் தாவாவில் மெத்தைக்காரம்மா தீர்ப்புச் சொல்லவில்லை. தான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், சம்பந்தியிடம் பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார், பேரன் எழுந்து நடக்கும்வரை தன் பஞ்சு இயந்திரத்தை ஓட்டவில்லை.